இருபத்தேழாவது கம்பு

கழிப்பறைச் சுவரில் மயில் வரையத்தான் போனோம்.
பெயிண்ட் டப்பா ஆறு, பிரஷ் பதினொன்று,
குறிஞ்சிப்பாடி பஸ்ஸை விட்டிறங்கி
மூன்று கிலோமீட்டர் நடை.
ஓடைமேட்டுப் பள்ளிக் கழிப்பறையில்
ஏற்கெனவே இரண்டு மயில்கள்.
போன வருடம் வேறொரு பள்ளி வந்து போயிருந்தது.

வார்டு மெம்பருக்கு வரிசையாய்
இடது கை நீட்டினோம்.
சாரணர் வழக்கம் என்று சொல்வதற்குள்
அவர் முகம் சுண்டிவிட்டது.
"இதயத்துக்குப் பக்கத்துல இருக்கற கைங்க"
பாசில்தான் சமாளித்தான்.
"மொதல்ல அதக் கழுவிட்டு வாங்கடா."

டிவிஎஸ்ஸை நிறுத்தி வேடிக்கை பார்த்த
குணவதி அக்கா சிரித்ததில்
பால் கேன் மூடியும் சேர்ந்து குலுங்கியது.

"மயிலு வேணாம்.
பரவனாறு ஏறிட்டா
ரோடும் வாய்க்காலும் ஒரே தண்ணி.
எது எதுன்னு தெரியாது.
போன கார்த்திகையில எங்க மச்சான்
வண்டியோட உள்ள போனாரு.
வண்டி கெடச்சிது."

அதற்குமேல் அவள் எதுவும் சொல்லவில்லை.
நாங்கள் பிரஷ்களைப் பையில் போட்டோம்.

கம்பு நடுவது எந்தப் பட்டியலிலும் இல்லை.
சகாயராஜ் சார் யாருக்கோ போன் போட்டு
'சாலைப் பாதுகாப்பு' என்று எழுதிக்கொண்டார்.
புரட்டாசி இரண்டாம் ஞாயிறு
நாற்பத்தாறு சவுக்குக் கம்பு வந்து இறங்கியது,
டெப்போக்காரர் கோணல் என்று ஒதுக்கியவை.
அடிக்குத் தார், தலைக்கு வெள்ளை,
வெள்ளைக்கு மேல் ஒரு சிவப்பு வளையம்.
வாய்க்கால் ஓரமாகப் பத்தடிக்கு ஒன்று,
குழி இரண்டரை அடி.

இருபத்தேழு என் பங்கு.
ஒன்றேகால் அடியில் கடப்பாரை டங்கென்றது.
சரளைக்கல்.
இன்னொரு பக்கம் இடித்தேன், அங்கேயும் டங்.
அந்த நேரம் பார்த்து
பிரியாணி வந்துவிட்டது என்று கூவினார்கள்.

கம்பை இறக்கினேன்.
மண்ணை மேடாகக் குவித்து மிதித்தேன்.
மற்ற நாற்பத்தைந்தைப் போலவே நின்றது,
சொல்லப்போனால் கொஞ்சம் நேராகவே.
குழுப்படத்தில் அதன்மேல்தான் கை போட்டிருக்கிறேன்.
பதிவேட்டில் சேவை ஒன்பது மணி நேரம்,
கையெழுத்து, முத்திரை.

கார்த்திகையில் நான்கு நாள் விடாமல் பெய்தது.
லீவு அறிவித்ததும்
பத்தாம் வகுப்பு குரூப்பில் ஒரே கும்மாளம்.
முதுநகரில் எங்கள் மாடி அறையில் படுத்தபடி
ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு போவேன்.
இருபத்தாறில் தூக்கம் போய்விடும்.

தண்ணீர் வடிந்ததும் தனியாகப் போனேன்.
யூனிஃபார்ம் போடவில்லை,
ஸ்கார்ஃப் வீட்டில் கொடியில் கிடந்தது.

"விடியக்கால நாலரைக்கு சொசைட்டிக்குப் பால் ஊத்தணுமில்ல,
வண்டியத் தள்ளிக்கிட்டே வந்தேன், இடுப்பளவு தண்ணி.
ஒவ்வொரு கம்பா தொட்டுத் தொட்டு எண்ணிக்கினு வந்தா
இருவத்தாறு வரைக்கும் கைக்கு வந்துச்சி.
அடுத்தது இல்ல.
அப்பிடியே நின்னுட்டேன்.
எம்மாம் நேரம்னு தெரியல.
அப்பறம் ஒரு மின்னல்ல
இருவத்தெட்டோட வெள்ள தெரிஞ்சிது."

கேனைக் கவிழ்த்துத் தேய்த்தபடியே கேட்டாள்,
"அத நட்டது யாரு?"

கோபமில்லை.
இந்தப் பால் எந்த மாட்டுது
என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.
பாசில் பெயரைச் சொல்லியிருக்கலாம்.
யார் பெயரையும்.
அவளுக்கு எங்கள் எல்லோர் முகமும் ஒன்றுதான்.

"நான்தான்."

நிமிர்ந்து பார்த்தாள்.
நுரைக்கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு
உள்ளே போனவள்
கடப்பாரையோடு வந்தாள்.

கம்பு கருவேலம் புதரில் சிக்கிக் கிடந்தது,
சிவப்பு வளையம் கூட உரியாமல்.
அதே இடம். அதே டங்.
கல்லைப் பெயர்க்க ஒரு மணி நேரம்.
அடியில் தண்ணீர் ஊறியது.
கொட்டாங்குச்சியால் மொண்டு மொண்டு ஊற்றினேன்.
பழைய கொப்புளம் இருந்த இடத்திலேயே
புதியது கிளம்பியது.

போதுமா, என்றேன்.

குப்புறப் படுத்துக் குழிக்குள் கை விட்டாள்.
சேறு முழங்கை தாண்டியது.

"இன்னும்."